பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் தமிழில் ஓர் இயற்கை நடை: எப்படி ஏற்பாடு செய்வது?

கேள்வி
பதிவிட்டவர்: பீஷான்வாசி

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் சென்ற ஆண்டுதான் சேர்ந்தேன். வரும் ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி நாமும் ஏதேனும் செய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, பட்டிமன்றத்தையும் மாறுவேடப் போட்டியையும்தான் பலரும் நடத்துகிறார்களே, பூங்காவில் தமிழிலேயே பேசிக்கொண்டு விலங்குகளையும் பறவைகளையும் பார்த்தபடி நடந்தால் என்ன என்று சொல்லிவிட்டேன். யோசனை சொன்னவர் தலையிலேயே பொறுப்பும் வந்து விழும் என்பதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

இப்போதைக்கு நாங்கள் வகுத்திருக்கும் திட்டம் இதுதான். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் கூடுவது, ஏறத்தாழ எண்பது பேரை எதிர்பார்க்கிறோம், ஒரு மணிநேரம் ஆற்றோரமாக நடந்துவிட்டு, குளத்தருகே ஒலிபெருக்கி வைத்துச் சிறுவர்களுக்கு ஓவியப் போட்டியும் வில்லுப்பாட்டும் நடத்துவது, நண்பகலுக்குள் முடித்துக்கொள்வது. விளம்பரத்தில் பெரிதாக ஒரு நீர்நாய்ப் படத்தைப் போட்டு, "நீர்நாய்களைக் காண வாருங்கள்" என்று எழுதினால் பிள்ளைகள் பெற்றோரை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பது எங்கள் செயலாளரின் கணக்கு.

எனக்கு இரண்டு கவலைகள். எண்பது பேர் வந்து நிற்கையில் நீர்நாய் ஒன்றுகூடத் தலைகாட்டாவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்று. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். பறவைகளின் பெயர்கள் எனக்கு ஆங்கிலத்தில்தான் தெரியும் என்பதால், தமிழ் நடை என்று அழைத்துவிட்டு ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போக வெட்கமாக இருக்கிறது என்பது மற்றொன்று. இத்தகைய நடைகளை நடத்திய அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1
பதிவிட்டவர்: ஆற்றோரன்

வணக்கம் தம்பி. பல ஆண்டுகளாக வார இறுதிகளில் தொண்டூழியனாகச் சிறு குழுக்களை இந்தப் பூங்காவிலும் வேறு சில இடங்களிலும் அழைத்துச் சென்றுவருகிறேன். உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் திட்டத்தில் முதலில் மாற்ற வேண்டியது அந்த விளம்பரப் படம்.

நீர்நாய்க் குடும்பம் ஒன்றுக்கு ஒரு பூங்கா போதாது. ஆற்றோடும் கால்வாயோடும் பல கிலோமீட்டர் தூரத்தைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு, இன்று இங்கே, நாளை அங்கே என்று அது நகர்ந்துகொண்டே இருக்கும். சிங்கப்பூரில் 1970களில் ஏறக்குறைய மறைந்தே போயிருந்த இந்த விலங்கு, 1990களின் இறுதியில் சுங்கை பூலோ சதுப்புநிலப் பக்கம் திரும்பி வந்தது. 2014 வாக்கில் பீஷான் பூங்காவில் குட்டிகளோடு ஒரு குடும்பம் தென்பட்டபோது நாடே வேடிக்கை பார்க்க வந்தது. அந்தக் குடும்பமும் பிறகு ஆற்றோடு இறங்கிக் காலாங் படுகைக்கும் மரினா பக்கத்துக்கும் போய்விட்டது. பெயரில் மட்டும் பீஷானைச் சுமந்துகொண்டிருந்தது. ஆகவே காலை ஏழு மணிக்கு நீங்கள் நிற்கும் வளைவில் அவை இருப்பது அன்றைய மீனையும், முந்தைய இரவு அவை எங்கே தங்கின என்பதையும் பொறுத்தது. படத்தைப் போட்டு அழைத்துவிட்டால், வந்தவர்கள் நாரையைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "நீர்நாய் எங்கே, நீர்நாய் எங்கே" என்ற கேள்வியிலேயே ஒரு மணிநேரம் கழிந்துவிடும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை ஒரு குழுவினர் இதேபோல் விளம்பரம் செய்து அறுபது பேரைத் திரட்டி, வழிகாட்டும்படி என்னை அழைத்திருந்தார்கள். அன்று நீர்நாய்கள் உண்மையாகவே வந்தன. முன்வரிசையில் இருந்த பத்துப் பேர் கைத்தொலைபேசியோடு கரையை நோக்கி ஓட, பின்னாலிருந்த ஐம்பது பேர் அவர்களைப் பின்தொடர, குட்டிகளை நடுவில் விட்டு வட்டமாக நின்ற பெரியவை உறுமிவிட்டு நீரில் இறங்கி மறைந்தன. மொத்தக் காட்சியும் நாற்பது விநாடிகூட நீடிக்கவில்லை. வராமல் போயிருந்தால் அவற்றுக்கும் நமக்கும் நன்றாக இருந்திருக்கும்.

எனவே எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள். ஒரு வழிகாட்டிக்குப் பன்னிரண்டு பேர், மிஞ்சினால் பதினைந்து. எண்பது பேர்தான் வேண்டுமென்றால் ஆறு வழிகாட்டிகளைத் தேடுங்கள். அல்லது நான்கு வாரங்களுக்குப் பிரித்து வையுங்கள். எனக்குப் பிந்தையதே மேல் என்று தோன்றுகிறது. ஒரே இடத்தை நான்கு வாரம் பார்ப்பவர்களுக்குத்தான் அந்த இடம் பிடிபடும்.

நேரத்தையும் மாற்ற வேண்டும். இங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணியளவில்தான் பொழுது விடிகிறது. ஏழேகாலுக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாம். ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிடும், ஓடுபவர்களும் நாயோடு உலாவுபவர்களும் நிறைந்துவிடுவார்கள், பறவைகள் இலைகளுக்குள் ஒதுங்கிவிடும். அடுத்து, ஏப்ரல் என்பதைக் குழுவினருக்குச் சொல்லிவிடுங்கள். வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் செப்டம்பரிலிருந்து மார்ச்சு வரைதான் இங்கே பெருமளவில் இருக்கும். நீலவால் பஞ்சுருட்டான் போன்றவை நீங்கள் நடக்கும்போது பெரும்பாலும் கிளம்பிப் போயிருக்கும். ஆனால் இங்கேயே வாழும் சாம்பல் நாரை, செந்நாரை, கானாங்கோழி, மீன்கொத்திகள், நீர் உடும்பு ஆகியவை எந்த மாதத்திலும் ஏமாற்றுவதில்லை. அவற்றை நம்பித் திட்டமிடுங்கள்.

ஆற்றைப் பற்றியும் சில வார்த்தைகள். பலரும் அதை வெறும் அழகுக்கான நீரோடை என்று நினைக்கிறார்கள். முன்பு அது 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக ஓடிய கான்கிரீட் கால்வாய். நாட்டின் தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து கான்கிரீட்டை உடைத்து, ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி, 2012 மார்ச்சில் 62 ஹெக்டர் பூங்காவைத் திறந்தன. உடைத்தெடுத்த கான்கிரீட் துண்டுகளைக் கொண்டே அங்கே ஒரு குன்றை எழுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகளை அதன்மேல் ஏற்றி நிறுத்தி, கீழே ஓடும் ஆற்றைக் காட்டி, "இப்போது உங்கள் காலடியில் இருப்பதுதான் பழைய கால்வாய்" என்று சொல்லிப் பாருங்கள், முகங்களைப் பார்க்க வேண்டும். கரையில் புல்லும் செடியும் கல்லும் மண்ணைப் பிடித்து நிறுத்தியிருப்பதால் பூச்சி வந்தது, பூச்சியைத் தேடித் தவளையும் மீனும் வந்தன, அவற்றைத் தேடி நாரை வந்தது. இந்த வரிசையைச் சொன்னாலே பாதி நடை முடிந்துவிடும்.

அதே ஆறு ஆபத்தானதும்கூட. பலத்த மழை பெய்தால் இரு கரைப் புல்வெளியும் வெள்ளப்பெருக்குக்காக ஒதுக்கப்பட்ட நிலமே. நீரின் அகலம் ஏறத்தாழ 100 மீட்டர்வரை விரியும். எச்சரிக்கை விளக்கும் ஒலியும் வைத்திருக்கிறார்கள். அது ஒலித்தவுடன், யார் என்ன படம் எடுத்துக்கொண்டிருந்தாலும், மேட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்பதை நடை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். இடி முழங்கினால் நடையை நிறுத்திவிடுங்கள், பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

உணவு கொடுக்கும் விஷயத்திலும் கண்டிப்பாக இருங்கள். 2020 ஜூன் முதல் வனவிலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். முதன்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளிவரை (சிங்கப்பூர் டாலர்) அபராதம் விதிக்கலாம். பாட்டி ஆசையாகக் கொண்டுவரும் ரொட்டித் துண்டும் இதில் அடங்கும். பூங்காவில் குழுவாக நிகழ்ச்சி நடத்தப் பூங்காக் கழகத்தின் முன் அனுமதி வேண்டும் என்பதால் விண்ணப்பத்தை இப்போதே அனுப்பிவையுங்கள்.

மறுமொழி 2
பதிவிட்டவர்: புளோக்_நண்பன்

ஆற்றோரன் அண்ணன் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் பன்னிரண்டு பேர் கொண்ட அமைதியான நடை என்பது ஏற்கெனவே தொலைநோக்கியும் ஆர்வமும் உள்ளவர்களுக்கானது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக அடித்தள அமைப்புகளில் இருக்கிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாங்கள் நடத்தும் ஒன்றுகூடல்களுக்கு வருகிற மூத்தோரில் பலர், வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் இந்தப் பூங்காவுக்குள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. "அங்கே எனக்கு என்ன வேலை?" என்று கேட்பார்கள். அவர்களை வரவழைப்பது வடையும் தேநீரும் தெரிந்த முகங்களும்தான், கானாங்கோழி அல்ல. கூட்டமே வேண்டாம் என்று ஒதுக்கினால், பூங்காவை நேசிக்க வேண்டியவர்களையே வாசலில் நிறுத்திவிடுகிறோம்.

எனவே வில்லுப்பாட்டைக் கைவிட வேண்டாம். இடத்தை மட்டும் மாற்றுங்கள். குளத்தருகே ஒலிபெருக்கி என்பது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் பூங்காவுக்கு எதிரே இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒன்பது மணிக்குப் பசியாறலையும் பாட்டையும் ஓவியத்தையும் வைத்துக்கொண்டால், நடந்து வந்த பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை வரைவார்கள். நடக்க இயலாத தாத்தாவும் பாட்டியும் அங்கேயே உட்கார்ந்து அந்தக் கதைகளைக் கேட்பார்கள். மழை வந்தாலும் கூரை இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கென்று ஒரு குழுவைத் தனியே வைத்து, புல்வெளிக்குள் இறங்காமல் தளமிட்ட பாதையிலேயே குளத்தைச் சுற்றி அழைத்துச் செல்லலாம். குளத்தோரத்தில் ஆப்பிள் நத்தையின் இளஞ்சிவப்பு முட்டைக்கொத்துகள் தண்ணீருக்கு மேலே ஒட்டியிருப்பதைக் காட்டினால் போதும், பேச்சு தானாக வளரும். அவை வெளியூரிலிருந்து வந்தவை, நீர்த்தாவரங்களைத் தின்று தீர்ப்பவை என்றதும் ஓர் அம்மா, தான் வளர்த்த ஆமையைப் புண்ணியமென்று நினைத்துக் குளத்தில் விட்ட கதையைச் சொல்லி வருந்தினார். விலங்குகளை இப்படி விடுவிப்பதும் குற்றம், விடப்பட்டவற்றில் பல பிழைப்பதுமில்லை என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த அம்மா வடைக்காக வந்தவர்.

மறுமொழி 3
பதிவிட்டவர்: முன்னாள்_தமிழாசிரியை

பெயர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெட்கப்பட வேண்டியதில்லை தம்பி. தமிழ்நாட்டிலேயே பிறந்தவர்களில் பலரும் எல்லாவற்றையும் "குருவி" என்றும் "கொக்கு" என்றும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

முதலில் நீர்நாய். இது புத்தகத்துக்காக உருவாக்கிய சொல் அன்று. சங்கப் பாடல்களிலேயே வாளை மீனைக் கவ்வும் நீர்நாய் வருகிறது. பீஷானில் நாம் பார்ப்பதும் காவிரியில் வாழ்வதும் ஒரே இனம் என்பதால், சொல்லும் பொருளும் இவ்வளவு பொருத்தமாகச் சேரும் வாய்ப்பு வேறு பல விலங்குகளுக்கு இங்கே அமையவில்லை. பெயரில் நாய் இருப்பதால் பிள்ளைகள் நாயின் உறவென்று நினைப்பார்கள். அப்படியில்லை என்று சொல்லிவிடுங்கள். மீன்கொத்திக்கும் சிரல் என்ற பழம்பெயர் உண்டு. அது நீருக்குள் பாய்வதைப் பார்த்தபிறகு அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், மறக்கவே மாட்டார்கள்.

நாரையும் கொக்கும் வேறா என்ற சண்டை எப்போதும் வரும். பேச்சுவழக்கில் இரண்டும் கலந்தே வழங்குகின்றன; பெரியதாகச் சாம்பல் நிறத்தில் அசையாமல் நிற்பதைச் சாம்பல் நாரை என்றும், சிறியதாக வெள்ளையாக இருப்பதைச் சின்னக் கொக்கு என்றும் சொல்லிவிட்டு மேலே நடங்கள். இலக்கண வகுப்பு வேண்டாம்.

பெயரே இல்லாதவையும் இருக்கின்றன. பூங்கா முழுவதும் கூட்டமாகத் திரியும் கறுத்த மைனா, ஊரில் நாம் நாகணவாய் என்று அழைத்த பறவை அன்று; ஜாவாவிலிருந்து கூண்டுப் பறவையாக இங்கே கொண்டுவரப்பட்டுப் பெருகியது. ஜாவாவுக்குத் தமிழில் சாவகம் என்ற பழம்பெயர் இருப்பதால் நான் அதைச் சாவக மைனா என்று அழைக்கிறேன். இதைவிட நல்ல பெயர் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள். சாப்பாட்டு மேசையில் நம் தட்டிலிருந்தே கொத்திக்கொண்டு போகும் இந்தப் பறவை, கூண்டு வணிகத்தால் தன் சொந்த ஊரில் அருகிவருகிறது என்பது வேடிக்கையல்ல, வேதனை.

குயிலைப் பற்றியும் ஒரு சொல். ஊரில் கவிஞர்கள் புகழ்ந்த அதே குயில்தான் இங்கே விடியுமுன்பே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று வசவு வாங்குகிறது. காகம் பெருகிய இடமெல்லாம் அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் பெருகியது என்று விளக்கினால், வசைபாடுபவர்கள் சற்று அமைதியாவார்கள். கன்னங்கரேலென்று இருப்பது ஆண், புள்ளியிட்ட பழுப்பு நிறம் பெண்; இரண்டையும் வெவ்வேறு பறவைகள் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மரக்கிளையில் மெல்லிய பாம்பொன்று தென்பட்டால் யாராவது ஒரு தாத்தா கொம்பேறி மூக்கன் என்பார். கடித்தவனைச் சுடுகாட்டில் எரிப்பதை மரத்தின்மேல் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போகும் என்ற கதையும் உடனே வரும். கதையைச் சொல்லவிடுங்கள், மறிக்காதீர்கள். முடிந்தபிறகு, இது அதன் உறவினம்தான், மனிதருக்கு ஆபத்தில்லாதது, பல்லியும் தவளையும் தின்று வாழ்வது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரங்களை விட்டுவிடாதீர்கள். அவை ஓடி ஒளிவதில்லை. தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் மாலையிலும் மழை மேகத்திலும் மூடிக்கொள்வதைக் காட்டினால் அந்தப் பெயரின் காரணம் தானே விளங்கிவிடும். தீவின் பல பூங்காக்களில் தரையில் கிடக்கும் செந்நிற விதைகளை இங்கே எல்லாரும் சாகா விதை என்பார்கள். ஆனைக்குன்றிமணி என்று சொல்லி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒன்றை வைத்தால், வீட்டுக்குப் போகும்போது அந்தச் சொல்லும் உடன் போகும்.

மறுமொழி 4
பதிவிட்டவர்: தஞ்சைமண்

ஐயா, அம்மா, அனைவருக்கும் வணக்கம். நான் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தவன். ஆறு ஆண்டுகளாக இங்கே ஒரு நிலவனப்பு நிறுவனத்தில் புல் வெட்டும் வேலை பார்க்கிறேன். காவிரி நீர்நாயைப் பற்றி அம்மா எழுதியதைப் படித்தவுடன் பதில் எழுதத் தோன்றியது. கொள்ளிடக் கரையில் வளர்ந்தவன் என்றாலும் நான் நீர்நாயை ஊரில் பார்த்ததில்லை. வலையைக் கிழித்து மீனைத் தூக்கிக்கொண்டு போகும் என்று தாத்தா திட்டியதை மட்டும் கேட்டிருக்கிறேன். கண்ணால் கண்டது சிங்கப்பூருக்கு வந்தபிறகுதான். தாத்தாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அங்கேயும் வந்துவிட்டதா அது?" என்று கேட்டார்.

வேலை செய்யும்போது பழகிய சில செய்திகளைச் சொல்கிறேன், பயன்படுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். புல் வெட்டிய மறுநாள் காலையில் அந்த இடத்தில் கொக்குகளும் மைனாக்களும் நிறைய இறங்கும், பூச்சிகள் வெளிப்பட்டிருப்பதுதான் காரணம். நாணல் புதருக்குள் கானாங்கோழி குஞ்சுகளோடு இருந்தால் அதன் சத்தம் மாறிவிடும். அப்போது அருகே போகாமல் இருப்பது நல்லது. நீர்நாய் வந்துபோன இடத்தைக் கண்டுபிடிக்க நீர்நாயைப் பார்க்க வேண்டியதில்லை. கரையில் மீன்செதில் கலந்த எச்சம் கிடக்கும், நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். ஈரமணலில் புரண்டு உடம்பைத் துவட்டிய தடமும் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைகளில் எங்களில் பலருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் தங்குவிடுதியிலிருந்து நான்கைந்து பேர் வர விரும்புவோம். தமிழில் நடக்கிறது என்பதால்தான் கேட்கிறேன்.

மறுமொழி 5
பதிவிட்டவர்: பீஷான்வாசி

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி சொல்ல வேண்டும். உங்கள் மறுமொழிகளை நேற்றிரவு குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். விளம்பரத்தில் நீர்நாய்க்குப் பதிலாகச் சாம்பல் நாரையைப் போடுவதற்குச் செயலாளர் அரைமனத்தோடு ஒப்புக்கொண்டார்; "நாரைக்கு யார் வருவார்கள்?" என்று இன்னமும் முணுமுணுக்கிறார். ஏப்ரலின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை ஏழேகாலுக்கு, வழிகாட்டி ஒருவருக்குப் பன்னிரண்டு பேர் என்ற கணக்கில், இரண்டு குழுக்களாக நடப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கடைசி ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடை முடிந்தபின் புளோக்கின் கீழ்த்தளத்தில் பசியாறலும் வில்லுப்பாட்டும் இருக்கும். பூங்காக் கழகத்துக்கு விண்ணப்பம் போய்விட்டது.

ஆற்றோரன் அண்ணன் முதல் இரண்டு வாரங்களுக்கு வந்து உதவ இயலுமா? தஞ்சைமண் அண்ணன், உங்களையும் நண்பர்களையும் வரவேற்கிறோம். கரையில் நீர்நாய்த் தடம் தேடும் பகுதியை நீங்களே நடத்தித் தந்தால் எங்களுக்கு ஒரு வழிகாட்டி மிச்சமாவார். டீச்சர், நாகணவாய் வரை மனப்பாடமாகிவிட்டது. மீன்கொத்திகளில் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டையோடு நீலநிறத்தில் ஒன்று தினமும் எங்கள் புளோக்கின் பின்னால் கத்துகிறது. தமிழ்நாட்டில் அதைக் காண்பது அரிது என்கிறார்கள். அதற்கு என்ன பெயர் வைக்கலாம்?

மறுமொழி 6
பதிவிட்டவர்: முன்னாள்_தமிழாசிரியை

வெண்கழுத்துச் சிரல் என்று வையுங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். முழங்கால் வலி இருப்பதால் தளமிட்ட பாதைக் குழுவில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.